"அல்லது"ன்னு போட்டிருக்கு, சார்

எங்கள் மாவட்ட வேளாண் அலுவலகத்தின் முகப்பில் நான்கு ஜன்னல்கள். முதலாவதில் விதைக்கு அனுமதி, இரண்டாவதில் உரம், நான்காவதில் 'உணவு இடைவேளை' என்று ஓர் அட்டை. அந்த அட்டையை யாரும் எடுத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மிச்சம் இருப்பதெல்லாம் மூன்றாவது ஜன்னலுக்கு. தொலைந்த ரசீது, தப்பாய் அடித்த பெயர், செத்துப்போன அப்பாவின் பேருக்கு இன்னமும் வந்துகொண்டிருக்கும் கடிதம், எங்கே போவதென்று தெரியாமல் காவலாளி கைகாட்டி அனுப்பிவிட்ட ஆள், எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் என் மனைவி. விவசாயிகள் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. 'மூணாம் ஜன்னல் அம்மா' என்றால் மாவட்டம் முழுக்கத் தெரியும்.

நான் டிராக்டர் மெக்கானிக். பேனாவைவிட ஸ்பேனர்தான் எனக்குப் பழக்கம். ஆனாலும் இதை நான்தான் எழுதியாக வேண்டும். அவளை எழுதச் சொன்னால் தன்னைப் பற்றிய பகுதியையெல்லாம் அடித்துவிட்டு விதிமுறைகளை மட்டும் வைத்திருப்பாள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் பதினோரு வருஷம் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தாள். காலண்டர், பள்ளிக்கூட வினாத்தாள், மருந்துச் சீட்டு என்று அச்சுக்குப் போகும் எதுவும் அவள் கண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். எங்கள் கல்யாணமே ஓர் எழுத்துப் பிழையில் தொடங்கியது. புதிதாகப் பட்டறை போட்டிருந்தேன். நோட்டீஸ் அடிக்க, 'இங்கு டிராக்டர் பளுது பார்க்கப்படும்' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் தாளோடு வந்தாள்.

"பளுன்னா தூக்கணும், பழுதுன்னா சரி பண்ணணும். உங்க கடையில என்னங்க பண்றீங்க?"

"ரெண்டும்தாங்க பண்றோம்" என்றேன். சிரித்துவிட்டாள். அந்த 'ழ'வை நான் அன்றைக்கு எழுதக் கற்றேன். சொல்ல இன்னும் வரவில்லை என்று என் மகள் சொல்கிறாள்.

அச்சகம் மூடிய பிறகு வேளாண் அலுவலகத்தில் தற்காலிகப் பதிவாளர் வேலை கிடைத்தது. பதினோரு மாத ஒப்பந்தம். முடிந்ததும் ஒரு மாதம் வீட்டில் உட்கார வேண்டும், அப்புறம் மறுபடி பதினோரு மாதம். தொற்று வந்த அந்த வருஷம் அவளுக்கு ஆறாவது ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷத்தை யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நோய்க்குப் பயந்து ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டது. ஆனால் முட்டைக்கோஸுக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு முற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடமும் ஓட்டலும் மூடிவிட்டன, சந்தை மூடிவிட்டது, லாரி ஓடவில்லை. பால்காரர்கள் கேன் கேனாய் வாய்க்காலில் ஊற்றினார்கள். டிராக்டர் பழுது பார்ப்பது அத்தியாவசிய வேலை என்று எனக்கு மட்டும் பைக்கில் ஒட்டிக்கொள்ள ஓர் அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். போகிற வழியெல்லாம் வயலிலேயே பூ வைத்துக் கெட்டுப்போன முட்டைக்கோஸையும், உழுது மண்ணுக்குள் தள்ளிய கேரட்டையும் பார்த்துக்கொண்டே போவேன். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது.

அப்போதுதான் அரசு அறிவித்தது. தொற்றால் நஷ்டப்பட்ட விவசாயிகளுக்கு நிவாரணம், வங்கிக் கணக்கில் நேராக வந்து சேரும். வெப்சைட்டில் மட்டுமே விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் அன்றிலிருந்து இருபத்தொன்றாம் நாள், மாலை ஐந்து மணி.

அலுவலகம் பூட்டியிருந்தது. ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும். மூன்றாம் ஜன்னலின் தொலைபேசிக்கு வரும் அழைப்புகளை அவளுடைய கைப்பேசிக்குத் திருப்பிவிட்டார்கள். அலுவலகக் கம்ப்யூட்டரை நான்தான் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். சாப்பாட்டு மேஜை அலுவலகமானது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகள் அவளுடைய அறையில் போன் வழியாகப் பாடம் படித்தாள். அம்மாவும் பெண்ணும் ஒரே இணைப்பைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். கணக்குப் பாடம் பாதியில் நின்றால், "அம்மா, யாரோ ஒரு கத்திரிக்காய்க்காரர் என் நெட்டைத் தின்னுட்டார்" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

சமையல் என் தலையில் விழுந்தது. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். மூன்றாம் நாள் உருளைக்கிழங்கு அடிப்பிடித்ததும், "எண்ணெய்னா என்ஜினுக்கு மட்டும் இல்லைப்பா, சட்டிக்கும் ஊத்தணும்" என்றாள் மகள்.

காலை ஒன்பதே முக்காலுக்கு முதல் மணி அடிக்கும். அப்புறம் ஓயாது. போனில் கேட்டுக் கேட்டு, எதிர்முனையில் இருப்பவர் சொல்லச் சொல்ல, அவளே ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புவாள். அது அவளுடைய வேலையில்லை. எப்படி விண்ணப்பிப்பது என்று சொன்னால் போதும் என்றுதான் உத்தரவு. ஆனால் இணைப்பே இல்லாத வீட்டில் இருப்பவரிடம் 'வெப்சைட்டுக்குப் போங்க' என்று சொல்லிவிட்டு அவளால் போனை வைக்க முடியாது.

"பொறந்த தேதி சொல்லுங்க, ஐயா."

"பெரிய வெள்ளம் வந்துச்சே, அந்த வருஷம்."

"எந்த மாசம்?"

"வெள்ளம் வடிஞ்ச மாசம்."

அவள் பொறுமையாக, "அடையாள அட்டையை எடுத்து வெளிச்சத்துக்கு வாங்க, நான் இருக்கேன்" என்பாள். அவர் அட்டையைத் தேடும் சத்தம், யாரையோ கூப்பிடும் சத்தம், அலமாரிக் கதவு, எல்லாம் ஸ்பீக்கரில் கேட்கும். அவள் வைக்கமாட்டாள்.

எல்லோரும் தங்கமாகப் பேசினார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆறு மாடு வைத்துப் பால் ஊற்றுகிற ஒருவர், அவளை என்னென்னவோ சொன்னார். "பொம்பளைகிட்ட எல்லாம் கணக்கு நம்பர் சொல்ல முடியாது, ஒரு ஆம்பளையைக் கூப்பிடு" என்று கத்தினார். அவள் போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி, "அண்ணே, நான் ஆம்பளைதான். எனக்கு டைப் அடிக்கத் தெரியாது. மறுபடி அவங்ககிட்டயே குடுக்கறேன்" என்று திருப்பிக் கொடுத்தேன். முனகிக்கொண்டே நம்பரைச் சொன்னார்.

ஆறாம் நாள், மேட்டு நிலத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். ஊருக்கு மேற்கே சரிவாக ஏறும் நிலம் அது. சொந்தக்காரர்கள் எல்லாம் நகரத்தில் இருக்கிறார்கள். பயிர் செய்கிறவர்கள் குத்தகைக்காரர்கள். இந்தப் பெண் பூசணி போட்டிருந்தார். கணவர் இறந்து நான்கு வருஷம். விடுதிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போகவேண்டிய பூசணி கொட்டகையில் அழுகிக்கொண்டிருந்தது.

எல்லாக் கட்டமும் நிரம்பியது. ஒன்றைத் தவிர. 'நில உரிமைப் பத்திர எண் மற்றும் பயிர்ச் சான்று' என்று ஒரு கட்டம். பத்திர எண் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்கவே மாட்டேன் என்றது வெப்சைட்.

"பத்திரம் என்கிட்ட ஏதுங்க? நிலமே என்னுது இல்லையே" என்றார் அந்தப் பெண். கோபமாகக்கூட இல்லை. "பரவாயில்லைங்க. கேட்டுப் பாத்தேன், அவ்வளவுதான். நாங்க எந்த லிஸ்டுலயும் வந்ததில்லை."

அன்றைக்கு மேட்டு நிலத்திலிருந்து ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். ஒன்பது பேரும் அதே கட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவள் அழைப்பு நேரம் முடிந்ததும் அரசாணையைத் திறந்தாள். அறுபத்து நான்கு பக்கம். அதை முழுக்கப் படித்தவர்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டால், எழுதினவரையும் சேர்த்து இரண்டு பேர் என்று நான் துணிந்து சொல்வேன். மறுநாள் மதியம் வரை படித்தாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி நகர்த்தி, அச்சகத்தில் பார்த்த அதே மாதிரி. நான் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன். நாற்பத்து ஓராம் பக்கத்தில் ஸ்கேல் நின்றது. அவள் மேலே போனாள், கீழே வந்தாள். திரையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

"ஏங்க, இதை வாசிங்க."

வாசித்தேன். 'நில உரிமைப் பத்திர எண் அல்லது, குத்தகைக்குப் பயிர் செய்வோராயின், அண்டை விவசாயிகள் இருவரும் மாவட்ட வேளாண் அதிகாரியும் கையொப்பமிட்ட பயிர்ச் சான்று.'

"இப்ப திரையில இருக்கறதை வாசிங்க."

"நில உரிமைப் பத்திர எண் மற்றும்..." அவ்வளவுதான் வாசித்தேன். எனக்கே புரிந்துவிட்டது. சட்டம் போட்டவர்கள் அல்லது என்றிருக்கிறார்கள். வெப்சைட்டில் ஏற்றினவர் மற்றும் என்று அடித்துவிட்டார். ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லில் மேட்டு நிலம் முழுவதும் விவசாயி இல்லை என்றாகிவிட்டது.

அவள் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். குதிக்கவில்லை. முகம் இறுகிவிட்டது. "எத்தனை பேர் இதைப் பாத்துட்டு போனை வச்சிருப்பாங்க" என்றாள்.

எட்டாம் நாள் காலையில் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நாலு இடத்துக்கு மாற்றி, நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்கவைத்து, கடைசியில் ஒருவர் கிடைத்தார். அவள் பக்க எண், பத்தி எண், வரி எண் எல்லாம் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க நிரந்தர ஊழியரா?"

"இல்லைங்க, ஒப்பந்தம்."

"அப்ப உங்க அதிகாரியை எழுதச் சொல்லுங்க. சும்மா எல்லாரும் போன் பண்ணா நாங்க வேலை பாக்க வேணாமா?"

போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அப்புறம் செருப்பை மாட்டினாள். "வண்டியை எடுங்க."

மாவட்ட வேளாண் அதிகாரி கெட்டவர் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் யாருடைய கண்ணிலும் படாமல் வேலை பார்த்தவர். கோப்பு வந்தால் தள்ளிவைத்துப் பார்ப்பார். அதுவாகவே ஆறிவிட்டால் சந்தோஷப்படுவார். நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது முகக்கவசத்தோடு செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கு உள்ளே அவர், வெளியே நாங்கள். அவள் விஷயத்தைச் சொன்னதும் கையைக் கூப்பாத குறையாகப் பேசினார்.

"எட்டு மாசம்மா. எட்டே எட்டு மாசம். சத்தம் போடாம வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்கறேன். தலைமை அலுவலகத்துக்கே தப்புன்னு எழுதச் சொல்றியே?"

"எழுதச் சொல்லலை, சார். இந்த ரெண்டு வரியை வாசிங்க போதும். வாய்விட்டு வாசிங்க."

கேட் கம்பிக்கு நடுவே தாளை நீட்டினாள். அவர் ஹோஸை ஒரு கையில் பிடித்தபடி வாசித்தார். இரண்டாவது தாளையும் வாசித்தார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வெப்சைட்டுல மற்றும்னு இருக்கே."

"அரசாணையில 'அல்லது'ன்னு போட்டிருக்கு, சார்."

"டைப் அடிச்சவன் தூங்கியிருப்பான்."

"அவர் தூங்கினதுக்கு இவங்க ஏன் சார் முழிச்சுக்கிட்டு நிக்கணும்?"

தண்ணீர் செடியை விட்டுவிட்டு அவருடைய செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. ஹோஸைக் கீழே போட்டார்.

"எழுதிக் கொண்டுவந்திருப்பியே?"

"கொண்டுவந்திருக்கேன், சார்."

மதில் சுவர்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார். "கீழே உன் பேரையும் எழுது. கண்டுபிடிச்சது நீதானே. பாராட்டு வந்தா உனக்கு. திட்டு வந்தா ஆளுக்குப் பாதி."

அவள் பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினாள். ஆறாவது ஒப்பந்தத்தில் இருப்பவள் தலைமை அலுவலகத்தின் தப்பைச் சுட்டிக்காட்டி அதன் கீழே பெயர் எழுதுகிறாள். ஏழாவது ஒப்பந்தம் வராமல் போக அது போதும். வீட்டு வாடகை, மகள் படிப்பு எல்லாம் என் மனசுக்குள் ஒரு சுற்று வந்துவிட்டுப் போயின. ஆனாலும் 'வேண்டாம்' என்று என் வாயில் வரவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்வதுண்டு.

கடிதம் அன்றைக்கே போனது. பதில் இல்லை. ஒன்பது, பத்து, பதினொன்று என்று நாள் ஓடியது. அவள் தினமும் காலையில் கடிதத்தைத் திரும்ப அனுப்பினாள். பொருள் என்ற இடத்தில் 'நினைவூட்டல் 1', 'நினைவூட்டல் 2' என்று எண் போட்டாள்.

"சும்மா காத்திருக்க முடியாதுங்க" என்றாள் என்னிடம். "கட்டம் தொறக்கிற அன்னைக்குச் சான்று கையில இருக்கணும். இல்லைன்னா தொறந்தும் பிரயோஜனம் இல்லை."

மேட்டு நிலத்துக்குப் போக அனுமதிச் சீட்டு இருந்தது என் ஒருவனிடம்தான். அப்படித்தான் நான் தபால்காரன் ஆனேன். ஒரு பெட்டியில் ஸ்பேனர், இன்னொரு பெட்டியில் சான்றுத் தாள்கள். போகிற இடத்தில் டிராக்டரோ பம்ப்செட்டோ பழுதாயிருந்தால் அதையும் பார்த்துக் கொடுப்பேன். சான்றைக் கொட்டகை வாசலில் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். அவர்கள் வந்து எடுத்து, பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். நீ எனக்கு, நான் உனக்கு என்று வரப்பு வரப்பாய் ஆட்கள் பேனாவோடு அலைந்ததை அந்தப் பக்கம் அதற்கு முன் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

பூசணிக்காரப் பெண்ணின் கொட்டகைக்கும் போனேன். கதவைத் திறந்ததும் நாற்றம் மூக்கில் அறைந்தது. நல்லதை ஒரு பக்கம், அழுகியதை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தார். நல்ல பக்கம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது. தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல என்னண்ணே எழுதியிருக்கு?"

"கீழ்க்கண்ட நிலத்தில் நாலு வருஷமா பயிர் செய்கிற விவசாயி இவர்தான்னு எழுதியிருக்கு."

"விவசாயின்னா என்னையா?"

"பின்ன, பூசணி தானா மொளைச்சுதா?"

அவர் சிரிக்கவில்லை. கையைச் சேலையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். "எங்க வீட்டுக்காரர் பேருதான் எல்லாத்துலயும் இருக்கும். அவர் போனப்புறம் அதுவும் இல்லை" என்றார். ஒவ்வொரு எழுத்தாக, இடம் போதாமல் கோட்டைத் தாண்டி எழுதினார்.

பதினைந்தாம் நாளுக்குள் நூற்று நாற்பத்து மூன்று சான்றுகள் சேர்ந்தன. அதிகாரி தன் வீட்டு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். எழுபதுக்கு மேல் போனதும் விரலை உதறினார். "முப்பத்து நாலு வருஷத்துல போடாத கையெழுத்தை எல்லாம் ஒரே வாரத்துல வாங்கிட்டியே" என்றார். குரலில் சலிப்பு இருந்தது. முகத்தில் இல்லை.

பதினேழாம் நாள் ஒன்பதாவது நினைவூட்டலை அனுப்புவதற்கு முன், வழக்கம்போல அந்தப் பக்கத்தைத் திறந்தாள். திறந்தவள் கையசைத்து என்னைக் கூப்பிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். 'நில உரிமைப் பத்திர எண் அல்லது பயிர்ச் சான்று.' பக்கத்தில் சான்றை ஏற்றுவதற்குப் புதிதாக ஒரு பொத்தான். கடிதத்துக்குப் பதில் கிடையாது, ஒரு போன் கிடையாது. அடியில் சின்ன எழுத்தில், 'தொழில்நுட்பக் காரணங்களால் படிவம் புதுப்பிக்கப்பட்டுள்ளது' என்று மட்டும் இருந்தது.

"எழுத்துப் பிழைக்கு இப்படி ஒரு பேரு இருக்கறது எனக்கு இவ்வளவு நாளா தெரியாது" என்றாள். அப்புறம்தான் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். உள்ளேயிருந்து மகள் ஓடிவந்து, என்ன என்று தெரியாமலேயே அவளைக் கட்டிக்கொண்டாள்.

மீதி இருந்தது நான்கே நாள். முதல் ஜன்னல் அம்மாவும் அவருடைய வீட்டிலிருந்து சேர்ந்துகொண்டார். மகள், பாடம் இல்லாத நேரத்தில் சான்றுகளைப் படம் எடுத்துக் கொடுத்தாள். நான் சமைத்தேன். யாரும் குறை சொல்லவில்லை, யாருக்கும் நேரமில்லை. இருபத்தொன்றாம் நாள் மாலை நாலு நாற்பதுக்கு நூற்று நாற்பத்து மூன்றாவது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு மேஜைமேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஐந்து மணிக்குக் கட்டம் மூடியதை நாங்கள் மூவரும் நின்று பார்த்தோம்.

ஆறு வாரத்தில் பணம் வர ஆரம்பித்தது. முதல் செய்தி பூசணிக்காரப் பெண்ணிடமிருந்து. "வந்துடுச்சும்மா, போன்ல மணி அடிச்சுது, எங்க வீட்டு நாய்கூடக் குலைச்சுது" என்று மூச்சுவிடாமல் பேசினார். கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கப்போவதாகச் சொன்னார். பூசணியேதான்.

ஒருவருக்கு மட்டும் வரவில்லை. அந்த ஆறு மாட்டுக்காரருக்கு. அவள் போய்ப் பதிவைத் திறந்து பார்த்தாள். கணக்கு எண்ணில் ஆறு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பது. தப்பு அவளுடையது. பிழை திருத்தியே வாழ்ந்தவளுக்குத் தன் கையில் அது நடந்ததைத் தாங்க முடியவில்லை. "அவர் கத்தினதுல மனசு வேற எங்கயோ போயிருக்கு. அதுக்காக? என் வேலைதானே அது?" என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பினாள். போனில் சொன்னால் போதும் என்றேன். கேட்கவில்லை. நேரில் போனாள், நானும்தான் கூடப் போனேன், அவர் கையில் எது இருக்குமோ என்று.

"ஐயா, உங்க நம்பரை நான்தான் தப்பா அடிச்சுட்டேன். திருத்த எழுதியிருக்கேன். மூணு மாசம் ஆகும். என்னைத் திட்டணும்னா திட்டிடுங்க."

அவர் மாட்டுத் தொழுவத்திலிருந்து எழுந்து வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நான் முன்னால் வந்து நின்றேன். அவர், "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே?" என்றார். "எனக்குத் தெரிஞ்சு எந்த ஆபீஸும் தப்பை ஒத்துக்கிட்டு வீடு தேடி வந்ததில்லை." உள்ளே போய் ஒரு செம்பு நிறையப் பால் கொண்டுவந்து மதில்மேல் வைத்தார். மூன்று மாதம் என்றது நாலு மாதமானது. அதுவரை வாராவாரம் அவருக்குப் போன் போட்டு நிலவரம் சொன்னாள். நாலாவது வாரத்திலிருந்து அவர் "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

அந்த வருஷத்து மாவட்ட அறிக்கையில் விவசாயிகளின் எண்ணிக்கை, போன வருஷத்தைவிட நூற்று நாற்பத்து மூன்று கூடியிருந்தது. ஆய்வுக் கூட்டத்தில் மேலிடத்திலிருந்து வந்தவர், எல்லா மாவட்டத்திலும் குறையும்போது இங்கே மட்டும் எப்படிக் கூடும், ஏதாவது தில்லுமுல்லா என்று கேட்டிருக்கிறார். ஓய்வுபெற மூன்று வாரம் இருந்த எங்கள் அதிகாரி எழுந்து நின்று, "புதுசா யாரும் வரலை, சார். இருந்தவங்களை இப்பதான் எண்ணினோம்" என்றாராம். அதோடு நிறுத்தாமல், எண்ணியது யார் என்பதையும் அவளுடைய பெயரைச் சொல்லிப் பதிவு செய்யவைத்தார். கூட்டக் குறிப்பின் நகல் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் இரண்டு எழுத்துப் பிழைகளை அவள் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறாள்.

ஏழாவது ஒப்பந்தம் வந்தது. ஆனால் நிரந்தர வேலை வரவில்லை. அதற்கான தேர்வு அறிவிப்பில் வயது வரம்பை அவள் ஏழு மாதம் தாண்டியிருந்தாள். இதில் மற்றும், அல்லது என்று எதுவும் இல்லையா என்று நான் கேட்டேன். "தேடிப் பாத்துட்டேங்க. இது சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றாள். மறுநாள் காலையில் எப்போதும்போல் கிளம்பிப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்தக் கசப்பு ரொம்ப நாள் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து மழை பொய்த்தது. மறுபடி நிவாரணம் அறிவித்தார்கள். இந்த முறை பட்டியலில் ஏற்கெனவே பதிந்திருப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டியதே இல்லை, பணம் தானாகப் போகும் என்றார்கள். அவள் பட்டியலை எடுத்து மேட்டு நிலத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் இருந்தன. ஆனாலும் ஏதாவது சிக்கல் வரும், கூப்பிடுவார்கள் என்று அந்த வாரம் முழுக்கப் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக்கூட எழவில்லையாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறைக்கு வந்தாள். நான் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தேன். குனிந்து என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, மேட்டு நிலத்துல இருந்து ஒரு போன்கூட வரலைங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. எல்லாருக்கும் போயிடுச்சு."

இதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். கிரீஸ் படிந்த கையோடு நான் அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தேன். பட்டறையில் நின்றிருந்த இரண்டு பேரும் என்ன விஷயம் என்று பார்த்தார்கள். நான் அவர்களிடம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.